‘டாமி ஊருக்குப் போயிருக்கான்’: செல்ல நாய் இறந்ததைக் குழந்தையிடம் மறைக்கலாமா?

செம்பூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் 7 வயதுக் குழந்தை, கதவு திறந்ததும் முதலில் தேடுவது நாயைத்தான். இன்று நாய் வரவில்லை. காலையில் இறந்துவிட்டது. "டாமி எங்க?" என்று குழந்தை கேட்கிறது. உங்கள் வாயில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "ஊருக்கு அனுப்பிட்டோம்டா. தாத்தா வீட்டுல ஜாலியா ஓடிட்டு இருக்கான்."

மும்பைத் தமிழர்களுக்கு இந்தப் பொய் ரொம்ப வசதியானது. ஊர் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அங்கே தாத்தா வீடும் முற்றமும் இருக்கின்றன. ஆனால் மே மாத லீவுக்கு ரயில் ஏறும்போது குழந்தை கேட்கும்: "டாமி ஸ்டேஷனுக்கு வருவானா?" அப்போது என்ன சொல்வீர்கள்?

மறைக்காமல், வயதுக்குப் புரியும் வார்த்தையில் உண்மையைச் சொல்லுங்கள் என்பதே குழந்தைகள் மனநல நிபுணர்கள் பொதுவாகத் தரும் அறிவுரை. ஏன், எப்படி என்று பார்ப்போம்.

ஒரு நாய்க்காக இவ்வளவு அழுகையா?

வீட்டில் எல்லோரும் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள். குழந்தை பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் நாய்தான். தண்ணீர் வைப்பது, சோறு போடுவது, டைமண்ட் கார்டன் பக்கம் நடக்கக் கூட்டிப்போவது எல்லாம் அதன் பொறுப்பு. மார்க் குறைந்தாலும் திட்டாது, சொன்ன ரகசியத்தை வெளியே சொல்லாது. பாட்டியோ தாத்தாவோ இறந்த சமயத்தில் குழந்தை அந்த நாயைக் கட்டிப்பிடித்துத் தூங்கியிருந்தால், இப்போது நடந்திருப்பது இரண்டாவது இழப்பு.

இதில் உடலுக்கும் பங்கு உண்டு. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இருவர் உடலிலும் ஆக்சிடோசின் அளவு கூடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் ‘சயின்ஸ்’ இதழில் பதிவு செய்தார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பில் வேலை செய்யும் அதே ஹார்மோன்தான் இது.

தாராவியில் பல குழந்தைகளுக்கு வீட்டுக்குள் நாய் வளர்க்க இடமே கிடையாது. சந்து முனையில் படுத்திருக்கும் நாய்தான் அவர்களுடைய நாய். லைசென்ஸும் பெல்ட்டும் இல்லை என்பதால் அந்த இழப்பு சின்னதாகிவிடாது.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனை ஆய்வாளர்கள், பிரிட்டனில் 6,260 குழந்தைகளைப் பற்றித் திரட்டப்பட்ட தகவல்களை ஆராய்ந்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். செல்லப்பிராணி வளர்த்த குழந்தைகளில் 63 சதவீதம் பேர், முதல் 7 வயதுக்குள் அப்படி ஒரு மரணத்தைச் சந்தித்திருந்தார்கள். அவர்களிடம் மனநலப் பிரச்னைகளின் அறிகுறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. ஆண் பிள்ளைகளிடம் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. ‘ஆம்பளப் பையன் அழக்கூடாது’ என்று சொல்லும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு விஷயம்: இது எல்லா வகைச் செல்லப்பிராணிகளையும் சேர்த்த ஆய்வு. காணப்பட்டது தொடர்புதான், நாய் இறந்தால் குழந்தைக்கு மனநோய் வரும் என்று அர்த்தமில்லை. பலருக்கும் வாழ்க்கையின் முதல் மரணம் இதுதான், அதைச் சாதாரணமாக ஒதுக்கிவிடக் கூடாது என்பதே இதில் நமக்கான பாடம்.

எந்த வயதில் எவ்வளவு புரியும்?

மரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு குழந்தைக்கு மூன்று விஷயங்கள் பிடிபட வேண்டும். இறந்தவர் திரும்பி வரமாட்டார். உடல் இனி வேலை செய்யாது, அதனால் பசியும் வலியும் குளிரும் இருக்காது. உயிருள்ள எல்லாமே ஒருநாள் இறக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை 5 முதல் 7 வயதுக்குள் புரியத் தொடங்குகின்றன.

அதற்கும் சின்னக் குழந்தை, நீங்கள் தெளிவாகச் சொன்ன பிறகும் மறுநாள் "டாமி எப்ப வருவான்?" என்று கேட்கும். உங்களை நம்பாமல் கேட்கவில்லை. அதற்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அதே பதிலை அதே பொறுமையோடு திரும்பச் சொல்லுங்கள்.

அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியை நடத்திய ஃபிரெட் ரோஜர்ஸ், 1970-இல் ஒரு எபிசோடு முழுக்க மீன்தொட்டியில் இறந்த ஒரு மீனைப் பற்றிப் பேசினார். அதில் தன் சின்ன வயது நாய் மிட்ஸி இறந்த கதையையும் சொன்னார். அப்போது அவரிடம் ஒரு பொம்மை நாய் இருந்ததாம். அது செத்துப்போவதாகவும் மறுபடி உயிரோடு வருவதாகவும் திரும்பத் திரும்ப விளையாடுவாராம். உங்கள் குழந்தையும் அப்படி விளையாடினால் பதற வேண்டாம். பெரியவர்கள் பேசித் தீர்ப்பதைக் குழந்தைகள் விளையாடித் தீர்க்கிறார்கள்.

எதைச் சொல்லக் கூடாது?

- "தூங்கிட்டு இருக்கான்": ராத்திரி தூங்கவே குழந்தை பயப்படலாம்.
- "காணாமப் போயிட்டான்": ஒவ்வொரு தெருவிலும் தேடும். சரியாகத் தேடவில்லையோ என்று தன்னையே குறை சொல்லிக்கொள்ளும்.
- "சாமி கூப்பிட்டுக்கிட்டாரு": உங்கள் நம்பிக்கையைச் சொல்லலாம், தப்பில்லை. அதை மட்டும் சொன்னால், அடுத்து யாரைக் கூப்பிடுவார் என்ற பயம் வரும்.
- "அழாதே, வேற நாய் வாங்கித் தர்றேன்": போனது ஒரு பொருள் என்று சொல்வது போல ஆகிவிடும்.

அப்போ எப்படிச் சொல்வது?

வீட்டில் குழந்தைக்கு நெருக்கமானவர் பக்கத்தில் உட்கார்ந்து, நேரடியான வார்த்தையில் சொல்லலாம்: "டாமிக்கு வயசாயிடுச்சு, உடம்பு ரொம்ப முடியாமப் போச்சு. இன்னைக்குக் காலைல செத்துப்போயிட்டான். இனிமே வரமாட்டான். எனக்கும் அழுகையா வருது."

கடைசி வாக்கியம் முக்கியம். நீங்கள் பாத்ரூமில் போய் அழுதால், துக்கத்தை மறைக்க வேண்டும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும்.

அடுத்து, கேட்காவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்: "இது உன்னால நடக்கல." அன்றைக்குச் சோறு வைக்க மறந்தது, கோபத்தில் ஒரு தட்டுத் தட்டியது எல்லாம் குழந்தை மனதில் ஓடிக்கொண்டிருக்கலாம். நீங்கள் பேசாமல் இருந்தால், பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்ளும்.

கால்நடை மருத்துவர் ஊசி போட்டு வேதனையை முடித்துவிடலாம் என்று சொன்னால், அதையும் முன்கூட்டியே சொல்லி, பிரிவு சொல்ல நேரம் கொடுங்கள். பின்னால் தெரியவந்தால், "என்கிட்ட ஏன் சொல்லல?" என்ற கேள்வி நீண்ட நாள் நிற்கும்.

துக்கம் விசாரிக்க யாரும் வராத மரணம்

மனிதர் இறந்தால் சொந்தக்காரர்கள் வருவார்கள், பதினாறாம் நாள் காரியம் நடக்கும். நாய் இறந்தால் மறுநாளே ஸ்கூல், டியூஷன். சமூகம் துக்கமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளாத இந்த மாதிரி துக்கங்களுக்கு, அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இல் தனிப் பெயரே வைத்தார். தமிழில் ‘அங்கீகரிக்கப்படாத துக்கம்’ எனலாம்.

2024 அக்டோபர் 10 அன்று, ரத்தன் டாடாவின் இறுதி மரியாதைக்கு அவருடைய ‘கோவா’ என்ற நாயை அழைத்து வந்தபோது மும்பையே கலங்கியது. மனிதருக்காக நாய் வருந்தும் என்று நாம் நம்புகிறோம். நாய்க்காகக் குழந்தை வருந்தினால் மட்டும் "சரி, போதும்" என்கிறோம்.

நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டு நடுகல்லில், கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்திலேயே ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

மும்பையில் எப்படி வழியனுப்புவது?

ஊரில் என்றால் கொல்லைப்புறத்தில் வேப்பமரத்தடி இருக்கும். ஆறாவது மாடி ஃபிளாட்டில் மண்ணுக்கு எங்கே போவது? மும்பை மாநகராட்சி 2023 செப்டம்பரில், மலாடில் செல்லப்பிராணிகளுக்கென்று எரிவாயுத் தகன மையம் ஒன்றைத் திறந்தது. செம்பூரிலிருந்தோ மாட்டுங்காவிலிருந்தோ கொஞ்சம் தூரம்தான். கிளம்பும் முன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

உடலைக் கொண்டுபோகும் முன், குழந்தை பார்க்க விரும்பினால் பார்க்கட்டும். தொட விரும்பினால் தொடட்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். எரிக்கப் போகிறார்கள் என்றால், "அவனுக்கு இனி வலிக்காது, சூடு தெரியாது" என்று சொல்லிவிடுங்கள். தட்டு, பந்து, போர்வை எல்லாவற்றையும் அன்றே தூக்கி எறிய வேண்டாம். எதை வைத்துக்கொள்வது என்று குழந்தை சொல்லட்டும்.

புது நாய் எப்போது?

குழந்தையாகப் பழைய நாயைப் பற்றிச் சிரித்துப் பேசத் தொடங்கும் வரை அவசரம் வேண்டாம். வரும் நாய்க்கு அதே பெயரை வைக்காதீர்கள்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

அழுவதும், நடுவில் போய் விளையாடுவதும், மறுபடி அழுவதும் இயல்பு. ஆனால் பல வாரங்கள் ஆகியும் தூக்கமோ சாப்பாடோ சரியாகவில்லை, ஸ்கூலுக்குப் போக மறுக்கிறது, எல்லாவற்றுக்கும் தன்னையே குறை சொல்கிறது, "நானும் டாமிகிட்ட போறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது என்றால் தாமதிக்க வேண்டாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். செம்பூர் பக்கத்தில் தியோனாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனமும் ‘ஐகால்’ என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையை நடத்துகிறது.

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். உண்மையைச் சொல்லியிருந்தால், மே மாத ரயில் பயணம் வேறு மாதிரி இருக்கும். டாமியின் பெல்ட்டைக் குழந்தை தன் பையில் எடுத்து வரலாம். மும்பையில் கிடைக்காத மண் தாத்தா வீட்டில் இருக்கிறது. அங்கே பெல்ட்டைப் புதைத்து, மேலே ஒரு செடி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனதும் அது ஓடிப்போய்ப் பார்க்க ஒரு இடம் இருக்கும்.