முதல் மலை நடைக்கு நேபாளம்: முதலில் நாட்களைக் கணக்கிடுங்கள்

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹஜ்ரத், மகனோட நேபாள மலைக்குப் போய் வந்தீங்களாமே. எங்க வீட்டுப் பிள்ளைங்களும் கேட்கிறாங்க. கூடாரம், அடுப்பெல்லாம் தூக்கிட்டுப் போகணுமா?"

தேவையில்லை. நேபாளத்தின் முக்கியமான மலைப்பாதைகளில் சில மணி நேர நடைக்கு ஒரு ஊர், ஊருக்கு ஊர் சிறு லாட்ஜுகள் இருக்கின்றன. 'டீ ஹவுஸ்' என்பார்கள். பலகைச் சுவர் வைத்த அறை, இரண்டு கட்டில், கனத்த போர்வை, கீழே நடுவில் அடுப்பு வைத்த சாப்பாட்டுக் கூடம். காலையில் கிளம்பி மதியம் இரண்டு மூன்று மணிக்குள் அடுத்த லாட்ஜை அடைந்துவிடலாம். அறை வாடகை குறைவு. அவர்களுக்கு வருமானம் சாப்பாட்டில்தான். ஆகவே தங்கும் இடத்திலேயே இரவும் காலையும் சாப்பிடுவது அங்குள்ள மரியாதை.

எந்தப் பாதை என்பது அடுத்த கேள்வி. எவரெஸ்ட் அடிவார முகாம் என்றுதான் பிள்ளைகள் ஆரம்பிப்பார்கள். அது 5,364 மீட்டர். போக வர சுமார் இரண்டு வாரம் வேண்டும். லுக்லா விமானமோ வானிலையைப் பொறுத்தது, நாள்கணக்கில் நின்றுவிடுவதும் உண்டு. முதல் முறை போகும் குடும்பத்துக்கு அன்னபூர்ணா பகுதியில் உள்ள கோரேபானி - பூன் ஹில் பாதையே போதும் என்பது என் கருத்து. பொக்ராவிலிருந்து வண்டியில் நயாபுல் (சுமார் 1,070 மீட்டர்), அங்கிருந்து திக்கேடுங்கா, உல்லேரி, கோரேபானி (சுமார் 2,860), விடியற்காலையில் பூன் ஹில் (3,210), பிறகு தடாபானி, குருங் மக்களின் ஊரான காந்த்ருக் வழியாக இறக்கம். மேலே நின்றால் 8,167 மீட்டர் தவளகிரியும் அன்னபூர்ணா சிகரங்களும் கண்ணெதிரே இருக்கும்.

இதை நான்கு நாளில் முடிக்கலாம் என்று ஒரு ஏஜென்சி எனக்குத் திட்டம் அனுப்பியது. முடிக்கலாம்தான். ஆனால் அதில் இரண்டாம் நாளைப் பாருங்கள்: முதல் இரவு 1,540 மீட்டரில் திக்கேடுங்காவில் தூங்கியவர், மறுநாள் உல்லேரிக்கு ஏறும் 3,000க்கும் மேற்பட்ட கற்படிகளைக் கடந்து 2,860 மீட்டரில் தூங்குகிறார். ஒரே நாளில் 1,300 மீட்டர்! ஊட்டி சுமார் 2,240 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த உயரம் புரியும். நடுவில் உல்லேரியிலோ பன்தாந்தியிலோ ஓர் இரவு தங்கினால் கால்களுக்கும் நல்லது, மூச்சுக்கும் நல்லது. நான் அப்படித் தங்கவில்லை. ஏற்கெனவே போய்வந்த ஒருவர் வற்புறுத்தியதால் கோரேபானியில் ஒரு நாளை மட்டும் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

கோரேபானியில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தோம். பூன் ஹில் ஏற முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். சூரிய உதயத்துக்கு முன் மேலே இருக்க வேண்டும். மகன் கட்டிலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முந்தைய நாள் மஃரிபிலிருந்தே தலைவலியாம். ஏன் சொல்லவில்லை என்றால், "சொன்னா மேலே போக விடமாட்டீங்கன்னுதான் வாப்பா" என்றான். அன்று நாங்கள் ஏறவில்லை. தண்ணீர், பூண்டு சூப், ஓய்வு. லுஹர் நேரத்துக்குள் வலி போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். மறுநாள் ஏறினோம். அந்தக் கூடுதல் நாள் மட்டும் கையில் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன்? ஒரு மாத்திரையைக் கொடுத்து, "கொஞ்சம் பொறுத்துக்கப்பா" என்று கூட்டிப் போயிருப்பேன். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் உயர நோய் வரலாம். இளைஞர், விளையாட்டு வீரர் என்ற வேறுபாடெல்லாம் அதற்குக் கிடையாது. தலைவலியோடு குமட்டல், தலைச்சுற்றல், அசதி, பசியின்மை சேர்ந்தால் அது உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு, குணமாகும் வரை மேலே ஏறாமல் இருக்க வேண்டும். கூடினால் இறங்க வேண்டும். நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது ஆகிய மூன்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்கிவிடுங்கள். நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோப்பதன் அடையாளங்கள் அவை. சில மணி நேரத்தில் உயிர் போகலாம். 3,000 மீட்டருக்கு மேல் போகும் பாதைகளில், முந்தைய இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் கூடாமல் அடுத்த இரவை அமைப்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குவதும் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள், குறிப்பாக சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள்.

சாப்பாட்டைப் பற்றித்தான் நம் வீடுகளில் அதிகக் கவலை. பாதையில் ஹலால் இறைச்சியை எதிர்பார்க்க வேண்டாம். 'பஃப்' என்று மெனுவில் இருப்பது எருமை இறைச்சி. அது நம் முறைப்படி அறுக்கப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மோமோ என்றால் உள்ளே என்ன என்று கேளுங்கள். பருப்பு, சோறு, காய்கறி, ஊறுகாய் சேர்ந்த 'தால் பாத்' எங்கும் கிடைக்கும், கேட்டால் மறுபடியும் வைப்பார்கள். முட்டை, உருளைக்கிழங்கு, ரொட்டி உண்டு. ஐந்து நாள் இறைச்சி இல்லாமல் நம்மால் இருக்க முடியும்! காத்மாண்டுவில் கண்டாகர் பகுதியில் ஜாமிஆ மஸ்ஜிதும் அருகே காஷ்மீரி தகியா மஸ்ஜிதும் இருக்கின்றன. பிரியாணி ஆசையை அந்தப் பக்கம் தீர்த்துக்கொள்ளலாம்.

தொழுகைக்கு அங்கே கிப்லா ஏறக்குறைய நேர் மேற்கு; நம் ஊரைப் போல வடக்கே சாய வேண்டியதில்லை. நேபாள நேரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முன்னால். தினமும் ஊர் மாறுவதால் கஸ்ர் தொழலாம். ஷாஃபி மத்ஹபினர் சேர்த்தும் தொழலாம். ஹனஃபிகள் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்பத்திலும் வைத்துக்கொண்டால் லாட்ஜ் போய்ச் சேர்ந்து இரண்டையும் நிம்மதியாக முடிக்கலாம். குளிர் என்பதற்காக உடனே தயம்மும் செய்துவிட முடியாது. லாட்ஜில் வெந்நீர் விலைக்குக் கிடைக்கிறதே! தோல் காலுறை ஒரு ஜோடி எடுத்துச் செல்லுங்கள். பயணி மூன்று பகல் மூன்று இரவு அதன் மேல் மஸஹ் செய்யலாம். ஐஸ் தண்ணீரில் காலை வைத்துப் பார்த்தவருக்குத்தான் இந்தச் சலுகையின் அருமை தெரியும். பெண்கள் இருந்தால், கழிப்பறை இணைந்த அறை உள்ள லாட்ஜை வழிகாட்டியிடம் முன்பே கேட்கச் சொல்லுங்கள். கீழ் ஊர்களில் கிடைக்கும், மேலே போகப் போகக் குறையும். கால்வரை தொங்கும் அபாயா படிகளில் தடுக்கும்; தளர்ந்த காற்சட்டையும் முழங்கால் தாண்டிய மேலாடையும் வசதி.

காலம், அக்டோபர் - நவம்பர் அல்லது மார்ச் - ஏப்ரல். மழைக்காலத்தில் அட்டையும் வழுக்கலும். இந்தியருக்கு விசா இல்லை. ஆனால் விமானத்தில் போகும் பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதாரை நம்பிப் போய் நிற்காதீர்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதியின் அனுமதிச் சீட்டு சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 3,000. வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் விதி வந்தது. விதி இல்லாவிட்டாலும் குடும்பமாகப் போகிறவர்கள் ஒருவரை வைத்துக்கொள்வதே சரி. பணத்தைப் பொக்ராவிலேயே மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டில் எத்தனை மீட்டர் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் பாருங்கள்.

சுமை தூக்குபவரை அமர்த்தினால் இருவருக்கு ஒருவர் என்று வைத்து, மொத்தம் 20 கிலோவுக்குள் கட்டுங்கள். 30 கிலோ வரை தூக்குவார்கள் என்று சொல்வார்கள். அந்தப் படிகளில் வெறுங்கையோடு ஏறிய எனக்கு அதற்கு மனம் வரவில்லை. அவருக்குக் குளிர் உடையும் காப்பீடும் இருக்கிறதா என்று கேட்பது நம் பொறுப்பு.

பயிற்சிக்கு இரண்டு மாதம் மாடிப்படி போதும், முதுகில் ஐந்து கிலோ பையோடு. ஏறுவதைவிட இறங்குவதை அதிகம் பழகுங்கள், முழங்கால் வலிப்பது இறக்கத்தில்தான். புது ஷூவை ஊரிலேயே போட்டு நடந்து பழக்குங்கள்.

கடைசியாக, திரும்பும் டிக்கெட். நடை முடியும் நாளுக்கு மறுநாளே விமானம் என்று போட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். அது தேவைப்படாமல் போனால் பொக்ராவில் பேவா ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது. பிள்ளைகள் குறை சொல்ல மாட்டார்கள்.