துருவும் களிம்பும் – 9: காக்கைக் கால் அருகே ஒரு கோடு

பித்தளையையும் வெண்கலத்தையும் பிரித்தறிவதைப் போன வாரம் பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். ஜொகூர் லாமா காலத்துக் காலணிப் பக்கிள்களை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் ஓர் அம்புக்குறி புகுந்துவிட்டது.

பாசிர் கூடாங் கரையோரம் மெட்டல் டிடெக்டர் கத்தி, தோண்டியதும் பித்தளைப் பக்கிள் ஒன்று கிடைத்தால், 'வெள்ளைக்காரச் சிப்பாயுடையது' என்று உடனே பெயர் வைத்துவிடுவார்கள். சாட்சி, அதில் குத்தியிருக்கும் மூன்று கோட்டு அம்பு, காக்கைக் கால் போல. பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான முத்திரை அது. பீரங்கியிலிருந்து கைதியின் சட்டைவரை விழுந்த குறி. இது குத்திய பொருளை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்று 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இங்கிலாந்தில் சட்டம் போட்டார்கள். ஆனால் அம்புக்கு அக்கம்பக்கம் பார்க்காமல் முடிவுகட்டக் கூடாது. கனடாவில் அது 'சி' என்ற ஆங்கில எழுத்துக்குள் உட்கார்ந்திருக்கும், தென்னாப்பிரிக்காவில் 'யு'வுக்குள், ஆஸ்திரேலியாவில் இரண்டு 'டி'க்களுக்கு நடுவே. இந்தியாவுக்கு உரியது 'ஐ'. அதாவது வெறும் ஒற்றைக் கோடு! களிம்பு ஏறிய பித்தளையில் அந்தக் கோடு கீறல் போலத்தான் தெரியும். கீறல் என்று தள்ளிவிட்டால், இந்தியாவில் செய்த பக்கிள் ஒரே நொடியில் இங்கிலாந்துக்காரனுடையதாகிவிடும். ஜொகூரில் இது சின்னப் பிழையல்ல. 1942 ஜனவரியில் இங்கே ஜப்பானியரோடு போரிட்டுப் பின்வாங்கிய படைகளில் 22-ஆவது இந்தியப் பிரிகேடும் ஒன்று. லாயாங் லாயாங் பக்கம் துண்டிக்கப்பட்டுக் காட்டில் சிதறியது அதுதான்.

'அப்படியானால் 'ஐ' இருந்தால் 1942-இல் செத்த இந்தியச் சிப்பாயுடையது என்று சொல்லலாமே?' என்பார்கள். அதுவும் கூடாது. முத்திரை குத்தியது பட்டறையில், இடுப்பில் அல்ல. சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17-இல், ஃபேரர் பார்க்கில் கூட்டி ஒப்படைக்கப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் சுமார் 45,000 பேர். அவர்களில் பல்லாயிரவர் இந்திய தேசிய ராணுவத்துக்கு மாறினார்கள், இடுப்புவார் மாறவில்லை. 1948-இல் மலாயாவில் அவசரகாலம் பிறந்தபோதும் பிரிட்டிஷ் படையின் 1937 மாதிரி வார்கள் புழக்கத்தில்தான் இருந்தன. ஒரே பக்கிள் மூன்று கொடிகளுக்குக் கீழே நடந்திருக்கலாம். போதாக்குறைக்கு ஊரும் நகர்ந்த மண். 1977-இல் துறைமுகம் திறந்தது முதல் இங்கே மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிய வேலை ஓயவில்லை. பக்கிள் மண்ணோடு லாரியில் வந்திருக்கவும் கூடும். ('கூடாங்' என்ற மலாய்ச் சொல்லே நம் 'கிடங்கு' கப்பலேறிப் போனதுதான் என்பது பரவலான கருத்து. இந்த ஊரில் எது உள்ளூர்ச் சரக்கு?)

பின்னே அந்தப் பக்கிளால் என்னதான் பயன்? யாருடையது என்று சொல்லாவிட்டாலும், யாருடையது அல்ல என்று அது சொல்லும். ஆண்டு குத்தியிருந்தால் இன்னும் நல்லது. 1943 என்று இருந்தால் 1942 போரோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. 1945 செப்டம்பரில் படைகள் திரும்பியபோதோ அதற்குப் பிறகோ வந்தது. 1940 என்றிருந்தால் மட்டும் வாய் திறக்காதீர்கள். அதற்குப் பிறகு எந்த ஆண்டிலும் அது விழுந்திருக்கலாம். துணி வாரில் மையால் அடித்த முத்திரை ஈர மண்ணில் துணியோடு மக்கிப்போகும். உலோகத்தில் குத்தியது மட்டுமே மிஞ்சும் என்பதால், எழுத்தே இல்லாத பக்கிளை 'அரசுச் சொத்து அல்ல' என்றும் ஒதுக்க முடியாது. பாம்பு வடிவக் கொக்கி கிடைத்தால் அவசரமே வேண்டாம்: சிப்பாய் கட்டிய அதே மாதிரியைப் பள்ளிப் பையன்களும் கட்டினார்கள்.

ஆகவே புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அம்பின் பள்ளத்தில் தங்கிய பச்சைக் களிம்புதான் கோட்டைக் காட்டிக்கொடுக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும். எவ்வளவு ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று குறித்துவையுங்கள். பழம்பொருள் என்று தோன்றினால் மாவட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம். காலணிப் பக்கிள்கள் அடுத்த வாரம், கட்டாயம்.