மான்குர்த்திலிருந்து ஜூஹூவுக்கு: மாநாட்டு நாட்களும் மாலைக் கடலும்



மும்பைக்கு வந்து எத்தனை வருடங்கள் ஆயின என்று உங்கள் சபையிலுள்ள தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து என்று பதில் வரும். இத்தனை வருடங்களில் கடற்கரைக்கு எத்தனை முறை சென்றீர்கள் என்று அடுத்ததாகக் கேளுங்கள். சிலர் விரல்விட்டு எண்ணுவார்கள். சிலர் பதில் சொல்லாமல் சிரிப்பார்கள். மான்குர்த்திலிருந்து ஜூஹூ கடற்கரை நேர்கோட்டில் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அதிகாலையில் வரும் குழாய்த் தண்ணீர், பிள்ளைகளின் பள்ளி, கணவரின் ஷிப்ட், மாலைச் சமையல் ஆகிய இவற்றையெல்லாம் கடந்து அந்தத் தூரத்தைத் தாண்டுவது எளிதன்று. ஊரிலிருந்து வந்த விருந்தினரைக் கடல் பார்க்க அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வருவதற்குள் சோறு வடித்து வைத்தவர்கள் அல்லவா நம் தாய்மார்?

ஆகையால், கடலோரப் புறநகர் ஒன்றில் இரண்டு மூன்று நாட்கள் தங்கி நடத்தப்படும் குடும்ப மாநாட்டுக்கு அழைப்பு வரும்போது அதைச் சாதாரணமாக எண்ணாதிருங்கள். அடுப்புக்கு விடுமுறை கிடைக்கும் அபூர்வமான நாட்கள் அவை. ஊழியம் முடித்துத் திரும்பிய சீஷர்களைத் தனித்த இடத்திற்கு அழைத்து, சற்றே இளைப்பாறச் சொன்னவர் நம் ஆண்டவர். கூட்டங்களைத் தவறவிடாமல், இடைவேளைகளைக் குடும்பமாகச் சேர்ந்து பயன்படுத்துவது எப்படி? ஜூஹூவை முன்னிட்டுச் சில காரியங்களை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பிரயாணம்

மான்குர்த்தில் ஹார்பர் ரயில் ஏறி வடாலா ரோடு நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து அந்தேரி அல்லது கோரேகாவ் செல்லும் ஹார்பர் வண்டியில் மாறி, சாந்தாக்ரூஸ் அல்லது விலே பார்லே நிலையத்தில் மேற்குப் பக்கமாக வெளியே வந்தால், பஸ்ஸோ ஆட்டோவோ உங்களைக் கடற்கரைக்குக் கொண்டுசேர்க்கும். குர்லாவில் மாறி காட்கோபர் சென்று, 2014-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வெர்சோவா மெட்ரோவில் ஏறுவது இன்னொரு வழி. முதியோருக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் இது நெரிசல் நேரத்தில் ஓரளவு ஆறுதலாயிருக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: ஞாயிற்றுக்கிழமைகளில் ஹார்பர் பாதையில் மெகா பிளாக் அடிக்கடி உண்டு. மாநாடு ஞாயிறன்று முடியுமானால், திரும்பும் வழியைச் சனிக்கிழமையே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காண வேண்டியவை

இன்று கட்டடங்கள் நெருங்கி நிற்கும் ஜூஹூ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு தீவாயிருந்தது. நீண்டு ஒடுங்கிய மணல்திட்டு அது. கடல் வற்றும் வேளையில் மக்கள் கால்நடையாகவே நீரைக் கடந்து அங்கே போய்வந்தார்கள். 1924-ஆம் ஆண்டு அறுவை சிகிச்சைக்குப்பின் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட காந்தியடிகள் உடல் தேறுவதற்காக இந்தக் கரையில்தான் தங்கினார். மறுபடியும் 1944-இல், ஆகாகான் மாளிகைச் சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்தபோதும் அவர் இங்கேயே வந்தார். களைத்தவர்கள் இளைப்பாற வந்த கரை இது என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தலைக்குமேல் ஹெலிகாப்டர் பறந்தால் அதையும் காட்டி ஒரு சரித்திரம் சொல்லலாம். 1928-இல் தொடங்கப்பட்ட ஜூஹூ விமானத்தளம் நம் தேசத்தின் முதலாவது பொது விமானத்தளம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஒரு சிறிய விமானத்தைத் தாமே ஓட்டி, அகமதாபாத் வழியாக இங்கே வந்து இறங்கினார். பிற்காலத்து ஏர் இந்தியாவுக்கு அதுவே ஆரம்பம்.

வடக்கே சென்றால் வெர்சோவா. அங்குள்ள கோலிவாடாவில், இந்நகரத்தின் பூர்வ குடிகளான கோலி மீனவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். மழைக்காலம் முடிந்தபின் கழிகளில் வரிசையாகக் காயும் பொம்பில் மீனை, நம் ஊரில் வங்கராவாசி என்று சொல்வோம். ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை முடிய இக்கரையில் மீன்பிடித் தடைக்காலம். தமிழ்நாட்டிலோ ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த தாத்தா பாட்டி உங்களோடிருந்தால் இதைப்பற்றிப் பேச அவர்களுக்கு நிறைய இருக்கும். திருச்செந்தூரில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். இங்கே அது கடலுக்குள் இறங்கும். கீழ்க்கரையில் பிறந்தவர்கள் அந்த அஸ்தமனத்தைப் பார்த்து வாயடைத்து நிற்பதுண்டு.

தெற்கே பாந்திராவில், போர்ச்சுக்கீசியர் 1640-இல் கட்டிய கோட்டையின் மிச்சச் சுவர்கள் உள்ளன. 2009-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தை அங்கிருந்து நன்றாகக் காணலாம். பாலத்தில் நடந்துசெல்ல அனுமதியில்லை. பார்வைக்கு அந்த இடமே போதும்.

கடலுக்குப் பயப்படுங்கள்

இதைச் சற்று அழுத்தமாகவே எழுதுகிறோம். 2023 ஜூன் மாதத்தில், பிபர்ஜாய் புயல் அரபிக்கடலில் நிலைகொண்டிருந்த நாட்களில், ஜூஹூ கடலில் இறங்கிய சிறுவர்கள் சிலர் அலையில் அகப்பட்டு மாண்டார்கள். அவர்களும் இந்நகரத்துப் பிள்ளைகளே. கடலை அடிக்கடி பார்க்காத பிள்ளைக்கு அதன் சுபாவம் தெரியாது. கரையிலுள்ள அலை சிறிதாய்த் தெரியும்; திரும்பும் நீர் காலடி மணலை வாரிக்கொண்டு போகும்.

மும்பைக் கடல் நாளில் இரண்டுமுறை பொங்கி இரண்டுமுறை வற்றும். ஒரு பொங்குதலுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஆகவே நேற்று மாலை ஐந்து மணிக்கு அகலமாயிருந்த மணற்பரப்பு, ஒரு வாரம் கழித்து அதே ஐந்து மணிக்கு நீருக்குள் இருக்கக்கூடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிகுதி. மும்பைவாசிகள் ஹை டைட் என்று சொல்லும் அந்த நேரங்கள் மழைக்காலத்தில் செய்தித்தாள்களில் வருகின்றன, காவலர்களிடமும் கேட்டறியலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணுக்காலுக்குமேல் நீரில் இறங்கவேண்டாம். அம்மாதங்களில் நீலநிறச் சொறிமீன்கள் கரையில் ஒதுங்குவதும் உண்டு. பலூன்போல் அழகாயிருக்கும் அவற்றைப் பிள்ளைகள் கையால் தொட்டால் கடும் வேதனை உண்டாகும்.

பத்துப் பிள்ளைகளை ஒரு வாலிபரிடம் ஒப்படைத்துவிட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பது நம்மிடையே காணப்படும் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். நீர் அருகே செல்லும் ஒவ்வொரு பிள்ளையின் கையும் ஒரு பெரியவரின் கையில் இருக்கட்டும். கூட்டத்தில் பிரிந்துபோனால் கண்டுபிடிக்க, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டை ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் வைத்தனுப்புங்கள்.

குப்பையின் விலை நமக்குத் தெரியும்

வெர்சோவா கரை ஒருகாலத்தில் பிளாஸ்டிக்கால் மூடிக்கிடந்தது. 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்னும் வழக்கறிஞர், வயது முதிர்ந்த அயலார் ஒருவரோடு சேர்ந்து அதைப் பொறுக்கத் தொடங்கினார். வாரந்தோறும் ஆட்கள் சேர்ந்தார்கள். 2016-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்கு விருதளித்தது. 2018 மார்ச்சில், நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் இனத்தின் குஞ்சுகள், பல ஆண்டுகளுக்குப்பின் அதே கரையிலிருந்து கடலுக்கு ஊர்ந்து சென்றன.

வேறெங்கோ நடந்த நற்செய்தியாக இதை நாம் வாசித்துவிட்டுப் போக முடியாது. மான்குர்த்துக்கும் கோவண்டிக்கும் அருகிலுள்ள தேவ்னார் குப்பைமேடு 1927 முதல் இந்நகரத்தின் கழிவைச் சுமந்து வருகிறது. 2016 ஜனவரியில் அது பற்றியெரிந்தபோது எழும்பிய புகையை உங்கள் பிள்ளைகள் அல்லவா சுவாசித்தார்கள்? கடற்கரையில் நாம் எறியும் தட்டும் பாட்டிலும் அள்ளப்படாவிட்டால் கடலுக்குப் போகும். அள்ளப்பட்டால் யாரோ ஒரு ஏழைக் குடும்பத்தின் வாசலருகே குவியும். ஆகவே மாநாட்டு உணவுக்கு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். கரையில் உண்ணப் புளியோதரையை டப்பாவில் கட்டிக்கொள்ளுங்கள். பாவ்பாஜியும் பனிக்கோலாவும் பிள்ளைகளுக்கு ஒருநாள் வாங்கிக்கொடுங்கள். ஆனால் குப்பையைப் போட ஒரு பை உங்கள் கையிலிருக்கட்டும். மான்குர்த்திலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்த இடம் சுத்தமாயிருந்தது என்று காண்கிறவர்கள் சொல்லட்டும். அதுவும் ஒரு சாட்சியே.

கடைசியாக ஒரு வார்த்தை

சபைத் தலைவர்களே, நிகழ்ச்சிநிரலை வகுக்கும்போது ஒரு மாலைப்பொழுதையாவது கூட்டமின்றி விடுங்கள். பாத்திரம் கழுவுவதையும் அறைகளைக் கூட்டுவதையும் அந்த மாலையில் சகோதரர்கள் ஏற்றுக்கொள்ளட்டும். மாநாட்டிலும் சகோதரிகளே சமையலறையில் நிற்பார்களானால், அவர்கள் வீட்டைவிட்டு வந்ததன் பயன் என்ன?

வாசகர்களே, அறையில் பெட்டியை வைத்தவுடன் உங்கள் தாயாரிடமோ மனைவியிடமோ, "கடற்கரைக்கு எப்போது போகலாம்?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். முழங்கால் வலிக்கிறவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துச் செல்லுங்கள். அஸ்தமனத்திற்கு அரைமணி முன்னதாகவே போய் மணலில் உட்காருங்கள். அவசரப்படுத்தாதிருங்கள். இருபத்தைந்து வருடம் காத்திருந்தவர்கள், இருட்டும்வரை பார்க்கட்டும்.