அஞ்சு நாள் நொறுக்குத்தீனி... மூளைக்கு என்ன ஆகும்? சரிசெய்ய மருந்து இருக்கா?

'ரெண்டு மூணு நாள்தானே, அப்புறம் வாயைக் கட்டிக்கலாம்!' - பண்டிகைக்கும் டூருக்கும் நாம் எல்லோருமே சொல்லிக்கொள்கிற சமாதானம் இது. எடை மெஷினும் பல நேரம் இதற்கு ஆமாம் போடும். ஆனால், மூளை அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை என்கிறது ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு.

டூபிங்கன் நகர ஆய்வாளர்கள், இயல்பான எடையுள்ள 29 ஆரோக்கியமான இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் 18 பேரிடம், வழக்கமான சாப்பாட்டோடு சாக்லேட், சிப்ஸ் என தினமும் 1,500 கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொன்னார்கள். ஐந்தே நாள்கள்தான். எடை பெரிதாக ஏறவில்லை. ஆனால், கல்லீரலில் கொழுப்பு கூடியிருந்தது. இன்சுலினுக்கு மூளை பதில் தரும் விதமும் மாறியிருந்தது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்து ஸ்கேன் செய்தபோதும், நினைவாற்றலோடு தொடர்புள்ள பகுதிகளில் இன்சுலினுக்கான பதில் குறைவாகவே இருந்தது. இந்த ஆய்வு, 2025-ல் 'நேச்சர் மெட்டபாலிசம்' இதழில் வெளியானது.

மூளையில் இன்சுலினுக்கு என்ன வேலை?

இன்சுலின் என்றாலே ரத்தச் சர்க்கரைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், மூளைக்குப் போய் 'போதும், வயிறு நிறைஞ்சாச்சு' என்று சொல்கிற வேலையும் அதற்கு உண்டு. அந்தச் சேதி சரியாகப் போய்ச் சேராவிட்டால், சாப்பிட்ட பிறகும் கை மறுபடி தட்டுக்குப் போகும்.

நினைவுகளைப் பதிவுசெய்யும் 'ஹிப்போகேம்பஸ்' பகுதிக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெக்வாரி பல்கலைக்கழகம் 110 இளைஞர்களிடம் நடத்திய ஆய்வில், ஒரு தரப்பினர் ஒரு வாரம் வாஃபிள், ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிட்டார்கள். வார முடிவில் அவர்களுடைய நினைவாற்றல் தேர்வு மதிப்பெண் குறைந்தது. வயிறு நிறைந்த பிறகும் தின்பண்டங்கள் மீதான ஆசை அடங்கவில்லை. அதிகம் தின்னத் தின்ன, நிறுத்தச் சொல்லும் பிரேக்கே பழுதாகிறது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

மருந்தால் சரிசெய்ய முடியுமா?

'எடை குறைக்கும் ஊசி' என்று இன்று பேசப்படும் ஜி.எல்.பி-1 வகை மருந்துகள் மீதுதான் ஆய்வாளர்களின் கண் விழுந்திருக்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனம், உடல் பருமனும் இன்சுலின் உணர்திறன் குறைபாடும் உள்ளவர்களுக்கு லிராகுளுடைட் மருந்தை ஒரே ஒரு டோஸ் கொடுத்துப் பார்த்தது. புதிய விஷயங்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் கற்கும்போது, இவர்கள் மூளையில் மந்தமாக இருந்த செயல்பாடு இயல்புக்குத் திரும்பியது. 2023-ல் வெளியான இந்த முடிவு பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது.

ஆனால், இந்த மருந்துகளால் மறதி நோயையே தடுத்துவிடலாமா என்றால், பதில் வேறு மாதிரி வந்திருக்கிறது. ஆரம்பநிலை அல்சைமர் உள்ள 3,800-க்கும் மேற்பட்டோரிடம் செமாகுளுடைட் மாத்திரை பரிசோதிக்கப்பட்டது. நோய் முற்றும் வேகத்தை அது குறைக்கவில்லை என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. மூக்கு வழியாக இன்சுலின் செலுத்திப் பார்த்த அமெரிக்க ஆய்விலும், 289 பேரிடம் ஓராண்டுக்குப் பிறகும் பலன் தெரியவில்லை.

ஆகவே, 'மூளைக்கும் நல்லதாமே' என்று இந்த ஊசிகளை வாங்கிப் போட்டுக்கொள்வது சரியல்ல. இவை சர்க்கரைநோய்க்கும் உடல் பருமனுக்கும் டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்துகள். குமட்டல், வாந்தி முதல் அரிதாகக் கணைய அழற்சி வரை பக்கவிளைவுகள் உண்டு.

தட்டை மாற்றினால் பலன் உண்டா?

உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரிடம் 2017-ல் வெளியான ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு 12 வாரங்கள் உணவு ஆலோசனை. காய்கறி, பழம், பருப்பு, மீன், முழுத்தானியம் சாப்பிட வழிகாட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு ஆறுதலாகப் பேசித் துணை நிற்பது மட்டும். முடிவில், மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் முதல் குழுவில் 32 சதவிகிதம். இரண்டாவது குழுவில் 8 சதவிகிதம். சிறிய ஆய்வுதான். இதை நம்பி, சாப்பிட்டுவரும் மாத்திரையை யாரும் நிறுத்திவிடக் கூடாது. ஆனால், சிகிச்சையோடு உணவையும் கவனிக்கலாம்.

எங்கே ஆரம்பிப்பது? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளைக்குச் சர்க்கரை 20 - 25 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அதாவது நான்கைந்து டீஸ்பூன். 300 மில்லி கோலா ஒன்றிலேயே 30 கிராமுக்கு மேல் வந்துவிடும். அடுத்த முறை கடையில் பாட்டிலையோ பாக்கெட்டையோ எடுக்கும்போது, பின்பக்கம் திருப்பி அந்த எண்ணைப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.