எள்ளுப் புண்ணாக்கும் அடுப்புச் சூடும்

புண்ணாக்கு என்றாலே நமக்கு மாட்டுத் தொட்டிதான் ஞாபகம் வரும். ஆனால் செக்கு ஓடிய ஊர்களில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கருப்பட்டி போட்டு ஆட்டிய எள்ளுப் புண்ணாக்கில் ஒரு துண்டுக்காகச் செக்கடியில் காத்துக் கிடந்த கதையைச் சொல்லுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான்!

எண்ணெய் போன பிறகு மிச்சம் வெறும் சக்கை என்று நினைத்துவிடாதீர்கள். எள்ளின் புரதம் புண்ணாக்கில்தான் தங்குகிறது. ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று டாக்டர்கள் வாய்க்கு வாய் சொல்கிறார்களே, அதிலும் ஒரு பங்கு இதில் உண்டு. காற்றுப் பட்டு எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் தடுக்கிற பொருள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எள்ளில் இருக்கும் செஸமின், செஸமோலின் இரண்டும் பெரும்பாலும் எண்ணெயோடு போய்விடும். சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு தண்ணீரில் கரைகிற தினுசு மட்டும் எண்ணெயில் சேராமல் புண்ணாக்கிலேயே நின்றுவிடுகிறது.

சரி, வறுத்தால் இதெல்லாம் வைட்டமின் 'சி' மாதிரி ஓடிப் போகாதா? எள் விஷயம் வேறு. பதமான சூட்டில் செஸமோலின் உடைந்து, செஸமால் என்கிற வீரியமான பொருளாகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் எள்ளை வறுத்தே எண்ணெய் எடுக்கிறார்கள். அந்த எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்காததற்கு இது ஒரு காரணம். புண்ணாக்கிலும் நாரோடு ஒட்டிக் கிடக்கும் சில பொருள்கள் சூட்டில் விடுபடுகின்றன. வறுபடும்போது வருகிற பொன்னிறத்துக்கும் கொஞ்சம் இந்தக் குணம் உண்டு.

அதற்காகக் கருக விட்டீர்களோ, போச்சு! செஸமால் அதிகச் சூட்டில் ஆவியாகிவிடும். புரதத்திலுள்ள லைஸின் என்ற சத்தும் கெடும். இட்லிப் பொடிக்கு எள் வறுக்கும்போது சிறு தணலில் வைத்து, படபடவென்று வெடித்து வாசனை வந்ததும் உடனே தட்டில் கொட்டி ஆறவிடுங்கள். வாணலியிலேயே கிடந்தால் அந்தச் சூட்டிலேயே கறுத்துவிடும். புண்ணாக்குத் தூளுக்கு லேசாக வெதுப்பினாலே போதும். அதுவும் சுத்தம் பார்த்த எள்ளை நம் கண்ணெதிரே ஆட்டிய செக்குப் புண்ணாக்காக இருக்கட்டும். தீவனக் கடைச் சரக்கு அடுக்களைக்கு வேண்டவே வேண்டாம்.

கடலைப் புண்ணாக்கில் இன்னும் ஜாக்கிரதை தேவை. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளாடாக்ஸின் என்ற விஷம் உண்டாகலாம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனம்தான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். மனிதருக்கும் இது ஈரலைக் கெடுக்கும். புற்றுநோய் வரையில் கொண்டுபோகும். "வறுத்துட்டா சரியாப் போயிடும்" என்று சிலர் சொல்லுவார்கள். நல்ல சத்தைக் கெடுக்கிற அளவு சூடு கொடுத்தாலும் இந்த விஷம் முழுதாகப் போகாது. பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்கும் போடாதீர்கள். அதில் ஒரு பங்கு பாலில் இறங்கி, நம் குழந்தையின் தம்ளருக்கே வந்து சேரும்.