குறைமாதக் குழந்தையின் மூச்சுத்திணறலும் படுக்கையருகு நுரையீரல் மீயொலிச் சோதனையும்: விக்கிரமசிங்கபுரம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

குறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறும் குழந்தைக்குச் சர்ஃபாக்டன்ட் மருந்து தேவைப்படுமா என்பதைப் பிறந்த சில மணி நேரத்திற்குள் கணிக்க நுரையீரல் மீயொலிச் சோதனை உதவுகிறது. அதன் இயங்குமுறை, மதிப்பெண் முறை, வரம்புகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. உயர்சிகிச்சை மையத்திலிருந்து தொலைவிலுள்ள ஊர்களில் இச்சோதனையின் பெரும்பயன், குழந்தையை எப்போது அனுப்புவது என்று முடிவு செய்வதிலேயே உள்ளது என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: குறைமாதக் குழந்தை, சர்ஃபாக்டன்ட், நுரையீரல் மீயொலி, பி-கோடுகள், மேல்சிகிச்சைக்கு அனுப்புதல்

முன்னுரை

பொதிகை மலையடிவாரத்தில் பாபநாசத்தை அடுத்துள்ள விக்கிரமசிங்கபுரம், நூற்பாலையைச் சார்ந்து வளர்ந்த நகராட்சி. அங்கிருந்து பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 45 கிலோமீட்டர். மலைமேலுள்ள சேர்வலாறு, மயிலாறு முதலிய காணிக் குடியிருப்புகளுக்குத் தொலைவு இன்னும் கூடும். 2008 முதல் 108 ஊர்தி உண்டு. ஆனால் எந்தக் குழந்தையை, எந்த நேரத்தில் ஏற்றுவது என்ற வினாவை ஊர்தி தீர்த்துவிடாது.

2020ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் 32 வாரங்களுக்குப் பின் பிறந்தவர்கள். அவ்வயதில் மூச்சு வாங்கும் குழந்தைகள் பலர் ஓரிரு நாளில் தாமே தேறிவிடுவர், சிலர் தேறமாட்டார்கள். முதல் மணி நேரத்தில் இருசாராரும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுவதுதான் சிக்கல்.

இரு நோய்கள், ஒரே தோற்றம்

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் மூச்சை வெளிவிடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் கொழுப்புப் படலம். ஏறத்தாழ 35 வாரங்களில்தான் அது போதிய அளவில் சுரக்கிறது. அதன் குறையே சுவாசத்துயர் நோய்க்குக் காரணம் என்பதை 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் காட்டினர். 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பயன்கண்டார். இம்மருந்தைப் பிறந்த முதல் சில மணி நேரத்திற்குள் கொடுத்தால் பலன் மிகுதி.

மற்றொன்று, கருவில் நுரையீரலை நிறைத்திருந்த நீர் வடியத் தாமதமாவதால் வரும் தற்காலிக மூச்சிரைப்பு. பேற்றுவலி தொடங்குமுன் அறுவைசிகிச்சையால் பிறந்த குழந்தைகளிடம் இது மிகுதி. இதற்குச் சர்ஃபாக்டன்ட் பொதுவாகத் தேவையில்லை.

பிழையே சான்றாதல்

காற்று மீயொலியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் நுரையீரல் இச்சோதனைக்கு ஏற்ற உறுப்பன்று என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன். பிற உறுப்புகளில் மருத்துவர் உறுப்பின் உருவத்தையே காண்கிறார். நுரையீரலில் காண்பதில் பெரும்பகுதி எதிரொலிகள் உண்டாக்கும் போலித் தோற்றம். அப்போலியின் வகையே நோயைச் சொல்கிறது என்பதுதான் இத்துறையின் அடிப்படை.

காற்று நிறைந்த நுரையீரலில், நுரையீரல் உறையின் வெண்கோடு கீழே சம இடைவெளியில் கிடைக்கோடுகளாகத் திரும்பத் தோன்றும், இவை ஏ-கோடுகள். காற்று குறைந்து நீர் கூடும்போது உறையிலிருந்து செங்குத்தாக ஒளிக்கதிர்போல் இறங்குபவை பி-கோடுகள். அவை நெருங்கி ஒன்றிணைந்தால் திரை முழுதும் வெளுக்கும். சுவாசத்துயர் நோயில் இவ்வெண்மையுடன் உறைக்கோடும் தடித்து ஒழுங்கற்றுத் தெரியும். இடையில் நலமான பகுதி விடுபட்டிருப்பது அரிது. நீர் வடியாத நுரையீரலிலோ கீழ்ப்பகுதியில் அடர்ந்த பி-கோடுகளும் மேற்பகுதியில் குறைந்த கோடுகளும் தெளிவான எல்லையுடன் பிரிந்து தெரியக்கூடும். 2007இல் கொப்பெட்டியும் கத்தரோசியும் விவரித்த இவ்வெல்லை எல்லாக் குழந்தைகளிடமும் காணப்படுவதில்லை எனப் பிந்தைய ஆய்வுகள் உணர்த்தின. நலமான குழந்தைக்கும் முதல் சில மணி நேரம் பி-கோடுகள் இருக்கலாம். படத்தை மட்டும் கொண்டு நோய்ப்பெயர் சூட்டுவோர் இதை மறக்கலாகாது.

மதிப்பெண் முறை

மார்பின் ஒவ்வொரு புறமும் மூன்று என ஆறு பகுதிகள் பார்க்கப்படுகின்றன. ஏ-கோடுகள் மட்டுமெனில் 0, தனித்தனிப் பி-கோடுகளுக்கு 1, ஒன்றிணைந்த பி-கோடுகளுக்கு 2, காற்றின்றி இறுகிய பெரும்பகுதிக்கு 3. மொத்தம் 18. குழந்தையை இன்குபேட்டரிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, கதிர்வீச்சும் இல்லை. தடவும் களிம்பைச் சூடாக்கவும் கருவியின் முனையைக் கிருமிநீக்கவும் தவறக்கூடாது.

34 வாரங்களுக்கு முன் பிறந்தோரிடம் மதிப்பெண் 4ஐக் கடந்தால் சர்ஃபாக்டன்ட் தேவைப்படுவதை 100 விழுக்காடு உணர்திறனுடனும் 61 விழுக்காடு தனித்தன்மையுடனும் கணிக்கலாம் என 2015இல் பிரான்சில் நடந்த ஆய்வு காட்டியது. அதாவது மருந்து தேவைப்பட்ட எவரும் தப்பவில்லை. தேவைப்படாத பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வர் தேவைப்படுவோராகக் கணிக்கப்பட்டனர். மருந்து யாருக்குத் தேவை என்பதையே அன்றைய மருத்துவர்கள் ஆக்சிஜன் அளவைக் கொண்டு தீர்மானித்தனர் என்பதால், ஒரு கணிப்பை மற்றொரு கணிப்பால் அளந்த குறையும் இதில் உண்டு. மிகச்சிறு குழந்தைகளுக்கு வேறு ஆய்வுகள் இதைவிட உயர்ந்த வரம்புகளைக் கூறுகின்றன. 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல், ஆக்சிஜன் தேவை 30 விழுக்காட்டைக் கடத்தல் என்ற பழைய அளவுகோலுடன் மீயொலியையும் ஏற்றுள்ளது.

தொலைவும் முடிவும்

பெருநகரப் பிரிவில் 30 விழுக்காடு வரும்வரை காத்திருப்பதால் இழப்பு குறைவு. மருந்து அடுத்த அறையில் இருக்கிறது. 45 கிலோமீட்டர் தொலைவில் காத்திருந்தால் பயண நேரமும் அதனுடன் கூடுகிறது. 25 விழுக்காட்டு ஆக்சிஜனில் முனகும் 32 வாரக் குழந்தைக்கு மதிப்பெண் மிகுந்திருந்தால், சிபாப் தொடங்கி உடனே அனுப்ப அது தக்க காரணம். 35 வாரக் குழந்தைக்குக் குறைந்திருந்தால், கண்காணித்துச் சில மணி நேரத்தில் மறுபடி பார்க்கலாம். வீண்பயணம் எளிய பிழையன்று: அறுவைசிகிச்சை முடிந்த தாய் இங்கும் குழந்தை பாளையங்கோட்டையிலுமாகப் பிரிய நேரும், தாய்ப்பாலும் தடைப்படும். ஆய்வுகள் இம்மதிப்பெண்ணை அனுப்பும் முடிவுக்காகச் செப்பனிடவில்லை. இப்பயன்பாடு கட்டுரையாளரின் பரிந்துரையே. குறைப்பேறு முன்கூட்டியே தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுத் தாயையே அனுப்புவது எல்லாவற்றினும் மேல்.

சட்ட நிலை

கருவின் பாலினத்தை அறியும் திறனுள்ள கருவி எதுவாயினும், குழந்தையின் மார்பை மட்டும் பார்ப்பதாயினும், 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். 2012ஆம் ஆண்டின் விதித்திருத்தம் கையடக்கக் கருவியைப் பதிவான வளாகத்திற்குள் உள்நோயாளிகளுக்கே அனுமதிக்கிறது; பல்வகைச் சேவை தரும் நடமாடும் மருத்துவப் பிரிவுக்கு மட்டும் விலக்குண்டு. ஆகவே கருவியைக் குழந்தையுடன் ஊர்தியில் அனுப்பும் எண்ணத்திற்கு இடமில்லை. படம் புறப்படுமுன் எடுக்கப்பட வேண்டும். ஆறு பகுதிகளின் மதிப்பெண்ணும், பார்த்த நேரமும், அப்போதைய ஆக்சிஜன் விழுக்காடும் அனுப்புகைக் கடிதத்தில் எழுதப்பட்டால், பாளையங்கோட்டையில் குழந்தையைப் பெறும் மருத்துவர் மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.