கரையில்லாக் கடற்படைத் தளம்: விஜயநாராயணமும் நீர்மூழ்கிக் கப்பலின் வடிவமைப்பு மாற்றமும்

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிப் பகுதியிலுள்ள விஜயநாராயணத்தில் கப்பல் அணையும் துறை கிடையாது. எனினும் 1990 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் இந்தியக் கடற்படைத் தளம் அவ்வூரில்தான் அமைந்துள்ளது. நிலத்தில் போரிட்ட பாளையக்காரரின் பெயர் அதற்கு வாய்த்தது ஒருவகையில் பொருத்தமே. இப்பகுதியின் கடல்சார் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கொற்கையில் தொடங்கி வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலோடு நிறுத்திவிடுகின்றனர். துறைமுகமும் கப்பலும் இருந்தால்தான் கடல் வரலாறு என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். போர்க்கப்பல் வடிவமைப்பின் வரலாற்றை நோக்கினால் விஜயநாராயணத்தையும் அவ்வரலாற்றினுள் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப்போரின் பெரும்பகுதியில் நீர்மூழ்கி என்பது உண்மையில் மூழ்கவும் தெரிந்த மேற்பரப்புக் கப்பலே. மேலே டீசல் எந்திரத்திலும் நீருக்கடியில் மின்கலத்திலும் அது இயங்கியது. கூரிய முகப்பும் மேல்தளப் பீரங்கியும் அலைமேல் செல்வதற்கென அமைந்தவை. இரவில் மேலெழுந்து மின்கலத்தை மின்னேற்றும்போதே செய்தியையும் பெற்றுக்கொள்ளலாம். ரேடார் அந்தப் பாதுகாப்பைப் பறித்தது. 1944இல் படையில் சேர்ந்த ஜெர்மனியின் இருபத்தொன்றாம் வகைக் கப்பலில் மேல்தளப் பீரங்கி நீக்கப்பட்டது, மின்கலங்கள் பெருகின, உடல் வழவழப்பாயிற்று. 1953இல் அமெரிக்காவின் அல்பகோர் நீர்த்துளி வடிவம் பெற்றது. 1954இல் நாட்டிலஸ் அணு ஆற்றலைப் பெற்றதும், காற்றுக்காக மேலே வரும் தேவையும் ஒழிந்தது. எஞ்சியது செய்தி பெறும் தேவை ஒன்றே.

இங்குத் தடையாவது கடல்நீரின் உப்பு. உப்புநீர் மின்கடத்தியாதலால் வானொலி அலையை விழுங்கிவிடும். பத்து மெகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 8 செ.மீ. ஆழத்திலேயே தன் வீச்சில் மூன்றிலொரு பங்களவாகக் குன்றுகிறது. 18 கிலோஹெர்ட்ஸ் அலை அந்நிலையை அடைய ஏறத்தாழ 1.9 மீட்டர் செல்லவேண்டும். ஆகவே ஆற்றல் மிக்க மிகத்தாழ் அதிர்வெண் அலையைப் பத்து, இருபது மீட்டர் ஆழத்திலும் ஏற்கமுடியும். ஆனால் அதன் அலைநீளம் ஏறத்தாழ 16.7 கிலோமீட்டர். அதனைத் திறம்பட அனுப்பும் அலைவாங்கியை எந்தக் கப்பலும் சுமக்க இயலாது. விஜயநாராயணத்தில் 400 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் கோபுரங்கள்கூட அலைநீளத்தில் சிறு பின்னமே.

அதாவது, கப்பலின் உறுப்பொன்று கப்பலை விட்டு நிலத்தில் ஏறிக்கொண்டது. கப்பலிடம் இருப்பது, பின்னால் இழுத்துச் செல்லும் நீண்ட கம்பி போன்ற ஏற்பி மட்டுமே. 1967இல் இந்தியா பெற்ற முதல் நீர்மூழ்கியான கல்வரி டீசல் கப்பல். 2016இல் படையில் சேர்ந்த அரிஹந்த் அணு ஆற்றலால் இயங்குவது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில்தான் விஜயநாராயணம் உருவாயிற்று. 2014இல் புதிய ஒலிபரப்பு அமைப்பும் அங்குச் சேர்ந்தது.

அலைவரிசை குறுகியதாதலால் இவ்வகையில் குரல் செல்லாது. சுருக்கமான எழுத்துச் செய்தியே மெல்லச் செல்லும். ஆழத்திலிருக்கும் கப்பல் அதைப் பெற்றுக்கொள்ளும். அதே வழியில் மறுமொழி அனுப்ப அதனால் இயலாது.